கடை நம்பரும் ஒரு வரி விளக்கமும்

பஸ் நிலையத்துக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான் காலைப் பார்த்தேன். என் சப்பாத்து ஆபீஸ் மாடிப்படியில் கிடக்க, கழிப்பறைக்கென்று வைத்திருந்த சிலிப்பரை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று நீலம், ஒன்று பச்சை. திரும்பிப் போய் மாற்றலாம்தான். போனால் முதலாளி உட்காரச் சொல்வார். உட்கார்ந்தால் எழுதிக் கொடுத்துவிடுவேன். அதனால் நடந்தேன். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னால் மழை கறுத்துக்கொண்டிருந்தது.

எழுதச் சொன்னது ஒரு பக்கம்தான். டயாலிசிஸ் நிலையத்துக்கு நோயாளிகளை ஏற்றிப் போகும் வேன் ஒரு பெண்மணியை விட்டுவிட்டுப் போய்விட்டது. அதற்கு ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று எங்கள் கம்பெனி சார்பில் நிலையத்துக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் ஓட்டுநருக்கு வேலை இல்லை. அறுபதை நெருங்கிவிட்டவர். ஒரு நோயாளியை விட்டுவிட்டு வந்தவர் என்ற பெயரோடு வெளியே வந்தால், அதன் பிறகு யாரும் அவர் கையில் வண்டிச் சாவி கொடுக்க மாட்டார்கள்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. மூன்றாம் படிவத்தில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பாரிட் புந்தாரில் நெல் ஆலையில் மூட்டை தூக்கினேன். தூசியில் மூச்சு அடைத்ததும் விட்டேன். சுங்காயில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் இருந்தேன். லோரி கவிழ்ந்து தோள்பட்டை இறங்கியதும் அதையும் விட்டேன். பீடோரில் கொய்யாத் தோட்டத்தில் பிஞ்சுகளுக்குப் பை கட்டினேன். அங்கே கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு நாள் பை கட்டக் கை வரவில்லை, போய்விட்டேன். இன்றைக்கும் கம்பார் வரை ஒரு பஸ், அங்கிருந்து பீடோருக்கு இன்னொரு பஸ், பழைய கொய்யாக்காரர் சேர்த்துக்கொள்வார் என்றுதான் கணக்கு. பழக்கமான கணக்கு. இந்த முறை மட்டும் கால் இழுத்தது. சிலிப்பர் சின்னது என்பதும் ஒரு காரணம்.

முதலாளி என்று சொல்கிறேனே தவிர அவர் என்னைவிட இளையவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரைப் பாஸ் என்பேன். எங்கள் இருவரைப் பெற்றவர்களும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள், தோட்டங்கள்தான் வேறு. அவர் படித்து மேலே வந்தார். தளவாடக் கடை ஒன்றின் மேல் மாடியில் ஒற்றை அறை, அதுதான் கம்பெனி. எந்த இடத்தில் யாரை ஏற்ற வேண்டும் என்று வேன் ஓட்டுநரின் கைப்பேசியில் காட்டும் செயலி அவர் செய்தது. அந்த நிலையம் ஒன்றுதான் அவருக்கு வாடிக்கை.

நான் முதலில் அந்த வேனில் உதவிக்கு இருந்தேன். சக்கர நாற்காலியை மடக்குவது, கை பிடித்து ஏற்றுவது, வேன் தாமதமானால் பயணிகளின் வாட்ஸ்அப் குழுவில் தகவல் போடுவது. ஒரு நாள் முதலாளி கேட்டார்: "அண்ணே, நீங்க போடற மெசேஜுக்கு மட்டும் யாரும் திரும்பக் கேள்வி கேக்கறதில்லையே, எப்படி?"

"கேட்டா பதில் போடணும்லா பாஸ். டேட்டா போவுது. அதான் கேக்கப் போறதையும் சேர்த்து முன்னாடியே எழுதிடறேன்."

அந்தப் பதிலுக்காகத்தான் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். வேனில் என் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. பட்டியல்தான் திரையில் வருகிறதே என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

மாடியில் என் வேலை இது. நிரல் எழுதுவதில் பெரும்பகுதியை முதலாளி ஓர் ஏஐ ஏஜென்டிடம் விட்டிருந்தார். இன்ன இடத்தில் குறை, சரி செய் என்று சொன்னால் அது நிரலைத் தானே படிக்கும், மாற்றும், ஓட்டிப் பார்க்கும். அதன் கைக்குச் சில கருவிகளைக் கொடுத்திருந்தார். பயணியைத் தேட ஒன்று, பயணத்தைத் தள்ளிவைக்க ஒன்று, மாற்றிய நிரலைச் சோதிக்க ஒன்று. ஒவ்வொன்றையும் ஒரு பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே ஒரு விளக்கம். ஏஜென்ட் பெரும்பாலும் பொத்தானைக் கழற்றி உள்ளே பார்ப்பதில்லை. விளக்கத்தைப் படிக்கும். செய்ய வேண்டிய காரியத்துக்குப் பொருந்துகிற மாதிரி இருந்தால் அழுத்தும். அந்த விளக்கங்களை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுத வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும் அதற்குப் புரியும், உங்களுக்கு நேராக வருவதில் எழுதுங்கள் என்றார். எனக்கு நேராக வருவது தமிழ்தான்.

முதல் நாள் பார்த்ததில் இரண்டு கருவிகளுக்குக் கீழே ஒரே வாசகம்: 'பயணியை நீக்கும்.' ஒன்று இன்றைய பயணத்திலிருந்து மட்டும் நீக்குவது. மற்றது ஆளையே பதிவிலிருந்து எடுத்துவிடுவது.

"பாஸ், இத வச்சுக்கிட்டு எப்படி இவ்ளோ நாளா யாரும் காணாமப் போகல?"

"எனக்குத் தெரியும்லா எது எதுன்னு."

"உங்களுக்குத் தெரியும். அதுக்கு?"

முதல் கருவிக்கு இப்படி எழுதினேன்: இன்று ஒரு நாள் மட்டும் வரவில்லை என்றால் இதைப் பயன்படுத்து, நாளை அவர் பெயர் தானாகத் திரும்ப வரும். இரண்டாவதற்கு: இதை அழுத்தினால் மீட்க முடியாது, மனிதர் ஒருவரைக் கேட்காமல் அழுத்தாதே. பயண விவரம் தரும் கருவிக்கு ஏஜென்ட் வேன் எண்ணைக் கொடுத்துக் கொடுத்து முட்டிக்கொண்டிருந்தது. பயண எண் மட்டுமே வேண்டும், தெரியாவிட்டால் முதலில் தேதியை வைத்துத் தேடு என்று ஒரு வரி சேர்த்தேன், முட்டல் நின்றது. தேடும் கருவியில் இன்னொரு வில்லங்கம். ஆள் இல்லாவிட்டாலும் வெறுமையாகத் திரும்பி வரும், இணைப்பு அறுந்தாலும் வெறுமையாகத் திரும்பி வரும். இணைப்பு அறுந்த நேரத்தில் ஏஜென்ட், அப்படி ஒரு பயணியே இல்லை என்று முடிவு கட்டி மேலே போய்விட்டது. நல்லபடி நடந்தால் என்ன வரும் என்பதோடு, கெட்டால் என்ன வரும் என்பதையும் எழுத வேண்டும் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மூட்டை இல்லை, தூசி இல்லை. கொய்யாவுக்குப் பை கட்டுவதுபோல ஒவ்வொரு கருவியாகச் சுற்றிக் கட்டிக்கொண்டே வரலாம். இவ்வளவு காலம் ஓரிடத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அந்தக் கருவி வந்தது. 'ஒரே பயணி இரண்டு முறை பதிவாகி இருந்தால், இரண்டையும் ஒன்றாக்கும்.' நான் படித்தேன். முதலாளி எட்டிப் பார்த்துத் தானும் படித்தார். தெளிவாக இருந்தது. தொடாமல் அடுத்ததற்குப் போனோம்.

ஒரே பயணி என்று அது எப்படி முடிவு செய்கிறது என்பது அந்த வரியில் இல்லை. பெயரை ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதிக் கொடுப்பார் என்பதால் முதலாளி பெயரை நம்பவில்லை. தொலைபேசி நம்பரும் முகவரியும் ஒத்துப்போனால் ஒரே ஆள். தன் கைக்கென்று செய்துவைத்த கருவி அது. அழுத்துவதற்கு முன் இரண்டு பதிவுகளையும் திறந்து பார்ப்பார். வேறு வேறு ஆள் என்று கண்டால் விட்டுவிடுவார். அப்படிப் பார்ப்பது அவருடைய கண்ணில் இருந்தது, கருவியில் இல்லை.

தோட்டத்தில் பிறக்காத ஒருவர் எங்களோடு இருந்திருந்தால் கேட்டிருப்பார். எங்கள் இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், பழைய லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆட்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் பணம் போடாமல் விட்டால் நம்பர் செத்துப்போகும், பிறகு வேறு நம்பர் வாங்குவார்கள். ஆகவே ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ, எங்கே நம்பர் கேட்டாலும் மளிகைக் கடை நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். லயத்து வீடுகளைத் தபால்காரர் தேடிக்கொண்டிருக்க மாட்டார், ஆகவே முகவரியும் கடைதான். கடைக்கார அம்மா கூப்பிட்டுச் சொல்வார். ஒரு லயமே ஒரு நம்பரில் இருக்கும் என்பது எங்களுக்குத் தண்ணீர் நனைக்கும் என்பது மாதிரி. யாரிடம் போய் எழுதிக் காட்டுவது?

ஒரு நாள், ஓட்டுநரின் திரையில் சில பெயர்கள் இரண்டு முறை தெரிகின்றன, சரி செய் என்று முதலாளி ஏஜென்டிடம் சொன்னார். அவர் நினைத்தது திரையில் உள்ள குறையை. ஏஜென்ட் கருவிகளின் விளக்கங்களைப் படித்தது. இரண்டு முறை இருந்தால் ஒன்றாக்கும் என்று பச்சையாக எழுதியிருக்கிறதே. அழுத்தியது. வேலை முடிந்தது, இனி எந்தப் பெயரும் இரட்டையாக வராது என்று பதில் சொன்னது. உண்மையிலேயே வரவில்லை. முதலாளி எனக்கு ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் விடியும் முன் வேன் இப்படி ஒரே கடை நம்பரில் இருந்த ஒரு பழைய தோட்டத்துக்குப் போனது. அங்கிருந்து இரண்டு பெண்கள் வருவார்கள். ஒருவரை அவர் மகன் சாலை முனைக்குக் கொண்டுவந்து விடுவான். மற்றவர் உள்ளே கடை வாசலில் காத்திருப்பார். முனையில் ஹார்ன் அடித்துவிட்டு வேன் உள்ளே போகும். அன்றைக்குத் திரையில் ஒரு பெயர்தான் இருந்தது. முனையில் நின்ற பெண்ணை ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் போய்விட்டார். கடை வாசலில் இருந்த பெண்மணி டயாலிசிஸ் செய்யாமல் தண்ணீர் கோத்து, மறுநாள் இரவு மூச்சுத் திணறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்துக்கொண்டார்.

நிலையத்திலிருந்து கேள்வி வந்ததும் முதலாளி ஏஜென்ட் செய்ததை வரிசையாகத் திறந்து பார்த்தார். அந்தக் கருவியில் வந்து நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். 

"ரெண்டு பேரும் படிச்சோம்லா அண்ணே," என்றார்.

அந்தப் பெண்மணியின் பதிவை மட்டும் திரும்பச் சேர்த்தார். பிறகு, நிலையத்துக்கு ஓட்டுநரைப் பற்றி எழுதச் சொன்னார். "அவரு கேட்டிருக்கணும் இல்ல? எத்தனை வருஷமா ஏத்தறாரு. இதுவும் உண்மைதானே. பொய் எழுதச் சொல்லல. இந்த ஒரு கான்ட்ராக்டும் போச்சுன்னா நான் எங்கே போறது?"

பொய் எழுதச் சொல்லியிருந்தால் சுலபமாக மறுத்திருப்பேன். அவர் சொன்னதில் பாதி சரி. அதனால்தான் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பீடோரை நினைக்கப் பார்த்தேன். கம்பார் போகும் வழியில் அந்தத் தோட்டத்து முனை வந்தபோது மணியை அழுத்தினேன். இறங்கும் வரைக்கும் இறங்குவேன் என்று எனக்கே தெரியாது.

செம்பனைகளுக்கு நடுவே செம்மண் சாலை. ஓரிடத்தில் பச்சைச் சிலிப்பர் சேற்றில் மாட்டிக்கொண்டது. பிடுங்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன். லயத்தில் ஒரே வரிசைதான் மிச்சம். கடை வாசலில் பலகைமேல் அந்தப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தார். கால் இரண்டும் இன்னும் வீங்கியிருந்தன. அவருக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர். எனக்கு முன்பே வந்துவிட்டிருக்கிறார். கடைக்கார அம்மா உள்ளே அரிசி அளந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்மணி, "ஐயோ, ஆபீஸ் வேலைக்குப் போனவன் வாரான் பாரு. கால்ல என்னப்பா, ரெண்டு வீட்டு சிலிப்பரா?" என்றார்.

"வேலைய விட்டுட்டேன்கா."

"அதான பாத்தேன். நீ எங்க ஒரு எடத்துல குந்துனே."

ஓட்டுநர் சிரிக்கவில்லை. வேனில் கண்ணாடிக்குக் கீழே சிலுவை தொங்கவிட்டு, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஏதாவது வம்பு பேசுகிறவர். அன்று தொப்பியின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். நாளைக் காலை முதல் பயணம் ஓட்டி முடித்ததும் நிலையத்தில் தவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்களாம். போடப் போகிறேன் என்றார்.

"அண்ணே, பேரு உங்களுக்கு வரவே இல்ல. அது எங்க பக்கத்துத் தப்பு," என்றேன்.

"வரலைன்னா கேக்கறதுக்கு வாய் இல்லையா எனக்கு?"

"ஏன் கேக்கல?"

தொப்பியைப் பலகைமேல் வைத்தார். "உனக்குத் தெரியாதா தம்பி? நீயும் வேன்ல இருந்தவன்தான. டயாலிசிஸ் லிஸ்ட்ல திடீர்னு ஒரு பேரு இல்லன்னா என்ன அர்த்தம்? முன்னெல்லாம் கேப்பேன். ஏன் இன்னிக்கு அந்தக்கா வரலன்னு. வண்டி பூரா அமைதியாயிடும். அப்புறம் பின்னாலேர்ந்து யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க, நேத்து அடக்கம் முடிஞ்சிச்சுன்னு. போதும்னு விட்டுட்டேன். பேரு இல்லன்னா கேக்க மாட்டேன். ஹார்னும் அடிக்க மாட்டேன்."

அது எனக்குத் தெரியும். நான் இருந்த காலத்திலும் கேட்டதில்லை. முனையில் ஏறிய பெண்ணும் அன்று கேட்கவில்லை. அவரும் அதையேதான் நினைத்திருப்பார்.

பெண்மணி அவரை உற்றுப் பார்த்தார். "அப்ப நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டீங்க?"

ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார்.

"செத்திருந்தா கோயில்காரங்க கடை வாசல்ல பந்தல் போட்டிருப்பாங்களே. உள்ள வந்து பந்தல் இருக்கான்னாவது பாத்திருக்கலாம்லா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு மூச்சு வாங்கலில் போய் முடிந்தது. கொஞ்சம் கழித்து, "முனையில வேன் லைட் நின்னுட்டுப் போறத பாத்தேன். திரும்பி வரும்போது ஏத்துவீங்கன்னு உக்காந்திருந்தேன். நல்லா விடியற வரைக்கும்," என்றார். இதைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை.

நடந்தது என்ன என்று அவர்களுக்குச் சொல்லப் பார்த்தேன். ஏஜென்ட், கருவி என்பதெல்லாம் தடுக்கிவிட்டது. கடைசியில், உங்கள் இருவருக்கும் ஒரே நம்பர் இருந்ததால் கம்ப்யூட்டர் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டது என்றேன். உள்ளே அரிசி அளக்கும் சத்தம் நின்றது. கடைக்கார அம்மா வெளியே வந்தார்.

"என் நம்பராலயா?"

"உங்களால இல்லம்மா."

"எல்லாருக்கும் நான்தான குடுத்தேன். போன் வந்தா ஓடிப்போய் சொல்றவ நான்தான். அன்னிக்குன்னு பாத்து அக்கா மக கல்யாணத்துக்கு பாரிட் புந்தார் போயிட்டேன், நிலையத்துலேர்ந்து கூப்பிட்டப்ப போனு மண்டபத்துல சார்ஜ்ல கெடந்துச்சு. ஐயோ அலமாக், என் நம்பராலயா?"

அவர் கண் கலங்கிவிட்டது. பெண்மணி அவரை அதட்டினார்: "நீ சும்மா இரு. அவரு ஒரு பக்கம் கையெழுத்துப் போடப் போறாரு, நீ ஒரு பக்கம் அழுவுற. எனக்குத்தான மூச்சு நின்னுச்சு? நான் யாரையாவது கேட்டனா?" பிறகு என்னிடம் திரும்பினார். "இவர எடுத்துட்டா யாரு வண்டி ஓட்டுவா? புதுசா வர்றவனுக்கு இந்த ரோடு தெரியுமா? நீ எழுதறவன்லா. இத எழுது."

ஆளாளுக்குப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதையும் எழுதக் கூடாது. பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் எழுதினேன். மாடியில் எழுதிப் பழகிய மாதிரியே எழுதினேன்: என்ன நடந்தது, எதனால், இனி எப்போது மறுபடியும் நடக்கும், அதுவரை என்ன செய்யக் கூடாது.

'பதிவுகளை ஒன்றாக்கும் எங்கள் கருவி, ஒரே நம்பரும் முகவரியும் இருந்ததால் இரண்டு நோயாளிகளை ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டது. அந்த நம்பர் கடையுடையது. லயத்தில் பலரும் அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுநரின் திரையில் அவர்களில் ஒருவர் பெயர் இல்லை. ஓட்டுநர் உள்ளே போய்க் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆனால் பெயரை எடுத்தது அவர் அல்ல. மற்ற தோட்டங்களிலும் இப்படி ஒரே நம்பரில் இருப்பவர்களைச் சரிபார்க்கும் வரை, திரையில் பெயர் இல்லை என்பதை ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.'

நிலையத்துக்கு அனுப்பவில்லை. முதலாளிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"அண்ணே, இது போச்சுன்னா கம்பெனி போச்சு."

"தெரியும் பாஸ்."

"நீங்க அனுப்பப் போறீங்களா?"

"நான் அனுப்பினா வேலைய விட்ட கோவத்துல எழுதினான்னு நெனப்பாங்க. நீங்க அனுப்புங்க. மத்த தோட்டத்துல யாரு யாரு ஒண்ணாயிட்டாங்கன்னு உங்களாலதான் பாக்க முடியும். நாளைக்கும் வேன் போகுதுல்ல."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்க சப்பாத்து இங்கயே இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பஸ் இனி இல்லை. ஓட்டுநர் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.  அவர் மனைவி ரசமும் பொரித்த நெத்திலியும் வைத்தார், சாப்பிட்டேன், கூடத்தில் பாயில் படுத்தேன். ஓட்டுநர் தூங்காமல் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தது கேட்டது. அவருக்கு என்ன ஆகும் என்பது அப்போது முதலாளியின் கையில் இருந்தது. எனக்குப் பீடோர் போவதைத் தவிர வேறு யோசனை இல்லை.

இருட்டோடு கண் விழித்தபோது முதலாளியிடமிருந்து இரண்டு செய்திகள் வந்திருந்தன. முதலாவதில், நான் எழுதியதை அப்படியே தன் பெயரில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லியிருந்தார். இரவெல்லாம் தேடியதில் வேறு ஒரு தோட்டத்திலும் இரண்டு பேர் ஒன்றாகியிருந்தார்களாம், பிரித்துவிட்டாராம். அவர்களில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தவர், அவருக்கு இன்றைக்குத்தான் முதல் முறை. இரண்டாவது, அந்தக் கருவியின் புதிய விளக்கம். படித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

'நம்பரும் முகவரியும் ஒத்துப்போகும் பதிவுகளை ஒன்றாக்கும். நம்பர் ஒன்று என்றால் ஆள் ஒன்று என்று அர்த்தம் இல்லை. தோட்டங்களில் பலர் ஒரே கடை நம்பரைக் கொடுப்பார்கள். இரண்டு பதிவுகளையும் மனிதர் ஒருவர் பார்த்து ஒரே ஆள் என்று சொல்லாமல் பயன்படுத்தாதே. திரையில் பெயர் இருமுறை தெரிகிறது என்பதற்காக மட்டும் இதை அழுத்தாதே.'

வரிக்கு வரி படித்தேன். தெளிவாகத்தான் இருந்தது. போன முறையும் தெளிவாகத்தான் இருந்தது. எங்களுக்குத் தெரிந்து, தெரியும் என்பதே தெரியாமல், இன்னும் என்னென்ன எழுதாமல் விட்டிருக்கிறோமோ. பதில் போடாமல் கைப்பேசியைப் பைக்குள் வைத்தேன்.

நிலையத்துப் பொறுப்பாளர் ஓட்டுநரைக் கைப்பேசியில் கூப்பிட்டபோது அவர் வீட்டு வாசலில் நின்ற வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையெழுத்து இப்போதைக்கு வேண்டாம், கான்ட்ராக்டைப் பற்றிப் பிறகு முடிவு செய்வோம் என்றார்களாம். வேனில் பழையபடி ஓர் ஆள் கூடப் போக வேண்டும், திரையை நம்பாமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி வாயால் கேட்டு ஏற்ற வேண்டும், அப்படி யாராவது உடனே கிடைப்பார்களா?

ஓட்டுநர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தார். "இருக்கான் ஒருத்தன். சும்மாதான் குந்தியிருக்கான். ஆனா சப்பாத்து இல்ல, பரவாயில்லையா?"

நான் கதவுப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். முனைக்கு வந்தபோது இருட்டு இன்னும் கலையவில்லை. ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். லயத்தையே எழுப்புகிற மாதிரி நீளமாக அடித்தார். முனையில் ஏறும் பெண் இன்னும் வந்திருக்கவில்லை, திரும்பும்போது ஏற்றலாம் என்று உள்ளே போனோம். கடை வாசலில் விளக்கு எரிந்தது. பெண்மணி பையோடு எழுந்து நின்றார். நான் இறங்கிக் கையை நீட்டினேன். பிறகு ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டு கேட்டேன்.

"உங்க பேரு என்னக்கா?"

அவர் என்னையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னப்பா, அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிராணி மாதிரி பேரு கூப்பிட்டுப் பெரட்டு எடுக்கிறியா? நேத்துதான என்கூட உக்காந்திருந்தே?"

"ஆமாக்கா. இருந்தாலும் சொல்லுங்க."

வேனுக்குள்ளிருந்து ஓட்டுநரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்மணி பெருமூச்சு விட்டு, தன் பெயரையும் அப்பா பெயரையும் சத்தமாகச் சொன்னார். நான் திரையைப் பார்க்காமல் அவரைக் கை பிடித்து ஏற்றினேன்.